மாலையானால் வீறிடும் குழந்தை: மருந்தில்லாமல் என்ன செய்வது?

வாசகர் கடிதம்:

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

எங்கள் முதல் குழந்தைக்கு இன்றோடு ஆறு வாரம் முடிகிறது. ஆண் குழந்தை. பிறந்தபோது 3 கிலோ, போன வாரம் பார்த்தபோது 4.2 கிலோ. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். பகலெல்லாம் சமர்த்தாக இருக்கிறான். மாலை ஆறு மணி ஆனால் போதும், முகம் சிவந்து, விரல்களை இறுக மூடிக்கொண்டு, கால்களை வயிற்றோடு மடக்கி வீறிட்டு அழ ஆரம்பிக்கிறான். பால் கொடுத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறான். பத்து, பதினொரு மணிவரை இதே கதை. மூன்று வாரமாக இப்படித்தான். மருத்துவர் பரிசோதித்துவிட்டு, "கோலிக்தான், தானாகச் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார். என் பால்தான் குழந்தைக்குச் சேரவில்லை என்கிறார் மாமியார். கணவர் வயிற்று வலிக்கான சொட்டு மருந்து வாங்கி வந்திருக்கிறார். எனக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை. மருந்தில்லாமல் இதைச் சமாளிக்க வழி இருக்கிறதா? சில இரவுகளில் அவனோடு சேர்ந்து நானும் அழுகிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வழி இருக்கிறது. கோலிக் அழுகைக்கு மருத்துவ உலகிடம் இன்றுவரை நம்பகமான மருந்து எதுவும் இல்லை. ஆகவே, மருந்து கொடுக்காமல் இருப்பதால் குழந்தைக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுகிறோமோ என்ற தயக்கம் உங்களுக்கு வேண்டாம். உங்கள் கணவர் வாங்கி வந்த சொட்டைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு செய்திகள் எனக்கு நிம்மதி தந்தன. ஒன்று, எடை. ஐந்து வாரத்தில் 1.2 கிலோ கூடியிருக்கிறான், அதாவது நாளொன்றுக்கு 30 கிராமுக்கும் மேல். இந்த வயதில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் கூடினாலே நன்றாக வளர்கிறான் என்போம். பால் போதாத குழந்தையும் பால் சேராத குழந்தையும் இப்படி எடை போடுவதில்லை. இதை உங்கள் மாமியாரிடம் கோபப்படாமல் எடுத்துச் சொல்லுங்கள். வேண்டுமானால் இந்தப் பதிலையே அவரிடம் படித்துக் காட்டுங்கள். இன்னொன்று, நேரம். பகலில் சமர்த்து, மாலையில் அழுகை என்கிறீர்கள். உடம்புக்கு ஏதாவது இருந்தால் அது பகலிலும் எங்காவது தலைகாட்டும்: பால் குடிப்பதில், தூக்கத்தில், முகக்களையில். உங்கள் பிள்ளையிடம் அது இல்லை. ஏற்கெனவே ஒரு மருத்துவர் பரிசோதித்தும் பார்த்திருக்கிறார்.

"கோலிக்" என்று சொல்லி அனுப்பிவிட்டார் என்று நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு மனத்தாங்கல் தெரிகிறது. அது நியாயமானது. அந்த ஒரு சொல்லோடு ஒரு தாயை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. எனவே அது என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

1954-இல் மோரிஸ் வெசல் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு வரையறை வகுத்தார்கள். நன்றாகப் பால் குடித்து ஆரோக்கியமாக இருக்கும் குழந்தை, நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் அது கோலிக். இன்று மருத்துவர்கள் மணிக்கணக்குக்கு அவ்வளவு முக்கியத்துவம் தருவதில்லை. ஐந்து மாதத்துக்குட்பட்ட குழந்தை, வெளிப்படையான காரணம் இல்லாமல், திரும்பத் திரும்ப நீண்ட நேரம் அழுகிறது, சமாதானம் செய்ய முடிவதில்லை, ஆனால் காய்ச்சல் இல்லை, நோய் இல்லை, வளர்ச்சியில் குறை இல்லை. இவ்வளவு பொருந்தினால் போதும். ஏறத்தாழ ஐந்து குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கும் வரும், புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கும் வரும். முதல் பிள்ளைக்கும் வரும், நான்காவது பிள்ளைக்கும் வரும்.

காரணம் என்னவென்று கேட்டால், ஒன்றைச் சுட்டிக்காட்ட இன்றுவரை யாராலும் முடியவில்லை. ஆனால் அழுகைக்கு ஒரு வடிவம் இருக்கிறது. 1962-இல் பெரி பிரேசல்டன் என்ற குழந்தை மருத்துவர் 80 ஆரோக்கியமான குழந்தைகளின் தாய்மார்களிடம் அன்றாடம் அழுகை நேரத்தைக் குறித்துவைக்கச் சொன்னார். இரண்டாவது வாரத்திலிருந்து அழுகை ஏறி, ஆறாவது வாரத்தில் உச்சம் தொட்டு, அப்போது நாளுக்குச் சுமார் இரண்டே முக்கால் மணி நேரமாகி, பன்னிரண்டாவது வாரத்துக்குள் நன்றாக இறங்கிவிட்டது. அழுகை குவிந்திருந்ததும் மாலை நேரத்தில்தான். பிள்ளைகளை நாளெல்லாம் உடலோடு சேர்த்துச் சுமக்கும் ஆப்பிரிக்காவின் காலஹாரி பாலைவனத்துக் குங் சான் மக்களிடையே பிற்பாடு பார்த்தபோதும், அழுகையின் நேரம் குறைவாக இருந்ததே தவிர, முதல் மாதங்களில் ஏறி இறங்கும் போக்கு அங்கேயும் இருந்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இந்த உச்சம், பிறந்த நாளிலிருந்து ஆறு வாரத்தில் வராமல், பிறந்திருக்கவேண்டிய நாளிலிருந்து ஆறு வாரம் கழித்து வருகிறது. ஆகவே இது வளரும் மூளையோடும் நரம்பு மண்டலத்தோடும் சேர்ந்து வரும் ஒரு கட்டம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். வளர்ப்பில் குறை வைத்ததால் வருவதில்லை. உங்கள் மகன் இப்போது அந்த உச்சத்தில்தான் நிற்கிறான். அடுத்த ஒன்றிரண்டு வாரம் கடினமாகவே இருக்கும், அதன்பின் இறங்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று, நான்கு மாதத்துக்குள் இது போய்விடுகிறது.

அவன் காலை மடக்குகிறானே, வயிறு கல்லாக இருக்கிறதே, வாயு பிரிகிறதே என்று கேட்பீர்கள். எந்தக் காரணத்துக்காக வீறிட்டு அழுதாலும் குழந்தை காலை மடக்கும், வயிற்றை இறுக்கும். அழும்போது காற்றை விழுங்குகிறது, அந்தக் காற்று பிறகு வெளியேறுகிறது. வாயுவால் அழுகை என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி, அழுகையால் வந்த வாயு.

இனி, கோலிக் என்று நினைத்து விட்டுவிடக் கூடாத சில அடையாளங்களைச் சொல்கிறேன். இந்தப் பத்தியை மட்டும் வீட்டில் எல்லோரும் படிக்கவேண்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருந்தால், எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலும், ஒவ்வொரு முறையும் பீய்ச்சி அடிப்பதுபோல் வாந்தி வந்தாலும், மலத்தில் ரத்தம் தெரிந்தாலும் அப்படியே. பால் குடிக்கவே மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, உச்சிக்குழி புடைத்திருப்பது, மூச்சு வாங்குவது, சிறுநீர் வெகுவாகக் குறைவது, வழக்கமான அழுகை மாறி ஈனஸ்வரத்தில் முனகுவது அல்லது கீச்சிடுவது ஆகியவையும் காத்திருக்கக் கூடாதவை. என்றைக்கும் அழாத குழந்தை திடீரென ஒரு நாள் மணிக்கணக்கில் அழுதால் அதுவும் கோலிக் கணக்கில் சேராது.

அழுகை புதிதாகவோ வேறு மாதிரியாகவோ இருந்தால், உடையை முழுவதும் கழற்றி, வெளிச்சத்தில் வைத்து, உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை பாருங்கள். தொடை இடுக்கில் வீக்கம் இருக்கிறதா, விதைப்பை சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு தாய்க்கு முடி அதிகம் உதிரும். அந்த முடியில் ஒன்று காலுறைக்குள் புகுந்து விரலைச் சுற்றி இறுக்கிக்கொள்வது உண்டு. மயிரிழை கண்ணுக்கே தெரியாது. விரலின் அடியில் ஒரு கோடுபோலப் பள்ளமும், அதற்கு மேல் சிவந்தோ நீலம் பாரித்தோ வீங்கிய நுனியும்தான் தெரியும். வெட்டி எடுத்தால் அழுகை நின்றுவிடும். வீட்டில் எடுக்க வரவில்லையென்றால் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள், தாமதித்தால் விரலுக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடும்.

அந்தச் சொட்டு மருந்துக்கு வருகிறேன். கடைகளில் கோலிக்குக்கு விற்கும் சொட்டுகளில் பெரும்பாலும் இருப்பது சிமெத்திகோன். அது வயிற்றிலுள்ள காற்றுக் குமிழிகளை உடைக்கும், கெடுதல் பெரிதாக இல்லை. ஆனால் 1994-இல் அமெரிக்காவில் ஒரே குழந்தைக்குச் சில நாள் இந்தச் சொட்டையும், சில நாள் மருந்தே இல்லாத போலிச் சொட்டையும், எது எதுவென்று பெற்றோருக்குச் சொல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. எனக்குக் கவலை தருவது வேறொன்று. சில நாடுகளில் இந்தச் சொட்டுகளில் டைசைக்ளோமின் என்ற மருந்தும் சேர்ந்திருக்கும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. மூச்சுத் திணறல், வலிப்பு, மயக்கம் என்று ஆபத்தான விளைவுகள் பதிவாகியுள்ளன. பாட்டிலின் லேபிளை இன்றே உங்கள் கணவரிடம் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பெயர் இருந்தால் திறக்கவே வேண்டாம்.

கிரைப் வாட்டருக்கும் பயன் உண்டு என்று நிரூபணம் இல்லை. தேன் ஒரு வயதுவரை நாக்கில் தடவக்கூட வேண்டாம், அதிலுள்ள கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து பாட்டுலிசம் என்னும், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயை உண்டாக்கக்கூடும். தண்ணீரும் ஆறு மாதம்வரை தேவையில்லை. புரோபயாடிக், அதாவது நன்மை செய்யும் பாக்டீரியா உள்ள சொட்டுகளில் ஒரு வகை, லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு ஓரளவு உதவியதாகச் சில ஆய்வுகள் உண்டு. நீங்கள் மருந்து வேண்டாம் என்கிறீர்கள், எனவே அதை நான் வற்புறுத்தப்போவதில்லை. பின்னால் தேவைப்பட்டால் உங்கள் மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

பால் கொடுப்பதில் பார்க்கவேண்டியது கொஞ்சம்தான். வாய் அகலத் திறந்து, கீழ் உதடு வெளிப்புறம் மடங்கி, மோவாய் உங்கள் மார்பில் படும்படி பிடிக்கிறானா என்று பாருங்கள். குடிக்கும்போது "டக் டக்" என்று சத்தம் வந்தால் பிடி சரியில்லை, காற்றும் உள்ளே போகிறது என்று பொருள். விரலை வாயோரம் நுழைத்து விடுவித்து மறுபடி பிடிக்கவையுங்கள். ஒரு பக்கம் அவனாகவே விட்டபின் மறுபக்கம் கொடுங்கள், கடிகாரம் பார்த்து மாற்ற வேண்டாம். ஆரம்பத்தில் பால் வேகமாக வந்து அவன் இருமினால், நீங்கள் சாய்ந்து படுத்து அவனை உங்கள் மேல் போட்டுக்கொண்டு கொடுங்கள், வேகம் குறையும். ஏப்பத்துக்கு ஐந்து நிமிடம் தோளில் வைத்திருந்தால் போதும். வராவிட்டால் விட்டுவிடுங்கள். மாலையில் மார்பு தளர்ந்திருப்பதைப் பார்த்துப் பால் வற்றிவிட்டது என்று பயப்படாதீர்கள், அந்த நேரத்தில் அப்படித்தான் இருக்கும். இரண்டு வாய் குடித்துத் தலையைத் திருப்பினால் அவனுக்கு அப்போது பசி இல்லை. திரும்பத் திரும்ப வாயில் திணித்தால் அவனுக்கும் எரிச்சல், உங்களுக்கும் வலி. இதைப் படிக்கும் புட்டிப்பால் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, பாட்டிலைச் சற்றுப் படுக்கைவாட்டில் பிடித்து நிதானமாகக் கொடுங்கள். வாரத்துக்கு ஒரு பால்மாவு மாற்றாதீர்கள்.

உங்கள் சாப்பாட்டில் இதை நிறுத்து, அதை நிறுத்து என்று வீட்டில் சொல்ல ஆரம்பித்திருப்பார்கள். தயவுசெய்து பட்டினி கிடக்காதீர்கள். மாட்டுப் பால் புரதம் ஒவ்வாத குழந்தைகள் உண்டு, ஆனால் அவர்களிடம் அழுகையோடு வேறு அடையாளங்களும் இருக்கும்: தோலில் கரப்பான், மலத்தில் சளி அல்லது ரத்தம், அடிக்கடி வாந்தி, எடை ஏறாமை. அப்படி இருந்தால் மட்டும் மருத்துவர் சொன்னபடி இரண்டு முதல் நான்கு வாரம் பால் பொருள்களை நிறுத்திப் பார்க்கலாம். உங்கள் மகனிடம் அதற்கான தடயம் ஏதும் நீங்கள் எழுதியதில் இல்லை.

இனி மாலைப் பொழுது. உங்கள் கேள்வியின் மையமே அதுதான்.

மாலை ஆறு மணிக்கு வேலையைத் தொடங்கினால் தாமதம். நான்கு மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள். ஆறு வாரக் குழந்தையால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்து தாங்க முடியாது. பகலில் சமர்த்தாக இருக்கிறான் என்று விளையாட்டுக் காட்டி, கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சி, தூங்காமல் வைத்திருந்தால் அந்தக் களைப்பெல்லாம் மாலையில் சேர்ந்துவிடும். கொட்டாவி விடுவது, பார்வையை வேறு பக்கம் திருப்புவது, கை கால்களை வெட்டி வெட்டி அசைப்பது இவையெல்லாம் போதும் என்று அவன் சொல்வது. மதியத்துக்குப் பிறகு ஒரு நல்ல தூக்கம் கிடைக்கும்படி பாருங்கள், தோளில் தூங்கினாலும் சரிதான். ஐந்து மணிக்கு விளக்கைக் குறையுங்கள், தொலைக்காட்சியை அணையுங்கள். பார்க்க வருகிறவர்களை இந்த இரண்டு மாதம் காலையில் வரச் சொல்லுங்கள்.

பகலில் அழாதபோதும் தூக்கி வைத்திருங்கள். கெட்டுப்போவான், கைப்பழக்கம் ஆகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். ஆறு வாரக் குழந்தைக்குப் பிடிவாதம் பிடிக்கத் தெரியாது. 1986-இல் கனடாவின் மாண்ட்ரியலில் நடந்த ஓர் ஆய்வில், நாளொன்றுக்குக் கூடுதலாகத் தூக்கி வைத்திருக்கப்பட்ட குழந்தைகள் ஆறு வார வயதில் மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவாக அழுதார்கள். மறைக்காமல் சொல்லவேண்டிய மறுபாதியும் உண்டு: அவர்கள் சாதாரணக் குழந்தைகள். கோலிக் தொடங்கிவிட்ட குழந்தைகளிடம் பின்னர் இதையே செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனவே தூக்கியும் அழுகிறானே என்று உங்களை நொந்துகொள்ளாதீர்கள். அழுகை குறையாவிட்டாலும், தனியாகக் கிடந்து அழுவதைவிட உங்கள் மேல் கிடந்து அழுவது அவனுக்கு மேல்.

அழுகை ஆரம்பித்துவிட்டால், பசி, ஈரத் துணி, சூடு, குளிர், இறுகிய உடை ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு வழியை மட்டும், குறைந்தது ஐந்து நிமிடமாவது செய்யுங்கள். பெற்றோர் களைத்துப்போய்ச் செய்வது இதற்கு நேர்மாறு: அரை நிமிடம் ஆட்டி, அரை நிமிடம் தட்டி, பால் கொடுத்து, கிலுகிலுப்பை ஆட்டி, வேறொருவர் கையில் கொடுத்து, மறுபடி வாங்கி. ஏற்கெனவே தாங்க முடியாமல் அழுகிற குழந்தைக்கு அது இன்னும் பாரம்.

நான் முதலில் பரிந்துரைப்பது நடை. அவனை மார்போடு நிமிர்த்தி அணைத்து, தலையைத் தாங்கிக்கொண்டு, நிற்காமல், திடீரென்று திரும்பாமல், சீரான வேகத்தில் ஐந்து நிமிடம் நடங்கள். 2022-இல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குமி குரோடா குழுவினர் குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்துகொண்டே இதைச் செய்து பார்த்தார்கள். அழுத குழந்தைகள் பலர் ஐந்து நிமிட நடையில் அமைதியானார்கள், சிலர் தூங்கியும்விட்டார்கள். உட்கார்ந்தபடி வைத்திருந்தால் அந்த அளவுக்கு அமைதி வரவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் எல்லாத் தாய்மாரும் அறிந்த ஒரு சிக்கலை அது விளக்குகிறது. தூங்கிவிட்டான் என்று படுக்கையில் போட்டதும் விழித்து அலறுவானே, அதற்குக் காரணம் படுக்கை மேல் முதுகு படுவது இல்லை. உங்கள் உடம்பிலிருந்து அவன் உடம்பு பிரியத் தொடங்கும் அந்தக் கணத்திலேயே துடிப்பு ஏறிவிடுகிறது. தூங்கிய உடனே போடாமல், தூக்கிய நிலையிலேயே ஐந்து முதல் எட்டு நிமிடம் உட்கார்ந்திருந்து, தூக்கம் ஆழ்ந்தபின் போட்டால் விழிப்பது குறைகிறது. இன்றிரவே முயன்று பாருங்கள்.

நடை எடுபடாத நாளில் முன்கையில் குப்புறப் போட்டுக்கொள்வது உதவும். உங்கள் இடது முன்கையை வயிற்றின் குறுக்கே வையுங்கள். அவன் கன்னம் உங்கள் முழங்கை மடிப்பில், முகம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கட்டும். வயிறு முன்கைமேல் படியட்டும். அவன் தொடையை உங்கள் உள்ளங்கை பிடித்திருக்கட்டும், இரு கால்களும் கையின் இருபுறமும் தொங்கட்டும். வலது கையை முதுகில் வைத்து மெல்ல நடங்கள் அல்லது பக்கவாட்டில் அசையுங்கள். வயிற்றில் படும் அந்த இதமான அழுத்தம் பல குழந்தைகளுக்குப் பிடிக்கிறது. அவன் தூங்கிவிட்டால் மல்லாந்த நிலையில்தான் படுக்கவைக்கவேண்டும். குப்புறப் படுக்கவைப்பது கைக்குழந்தையின் திடீர் மரண ஆபத்தைக் கூட்டும். படுக்கை கெட்டியாகவும் சமமாகவும் இருக்கட்டும், தலையணையோ தளர்ந்த போர்வையோ வேண்டாம். களைத்துப்போய் நீங்கள் சோபாவில் அவனை மார்பில் போட்டபடி கண்ணயர்ந்துவிடாதீர்கள், அது மிக ஆபத்தான இடம்.

சீரான இரைச்சல் சில குழந்தைகளை அமைதிப்படுத்தும். மின்விசிறியின் ஒலி, மழைச் சத்தத்தின் பதிவு, உங்கள் வாயால் நீட்டிச் சொல்லும் "ஷ்ஷ்ஷ்" எதுவானாலும் சரி. கருவி வைத்தால் குழந்தையிடமிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, நாம் பேசும் குரலைவிடத் தணிவாக வையுங்கள். 2014-இல் இதற்கென விற்கப்பட்ட 14 கருவிகளைச் சோதித்தபோது, 30 சென்டிமீட்டர் தொலைவில் முழு ஒலியில் மூன்று கருவிகள் 85 டெசிபலைத் தாண்டின. அது பிஞ்சுக் காதுக்குக் கெடுதல்.

மெல்லிய துணியில் கைகளைச் சேர்த்துச் சுற்றி வைப்பதும் சிலருக்கு ஒத்துவரும். மார்புப் பகுதியில் இரண்டு விரல் நுழையும் இடைவெளியும், இடுப்பும் காலும் தவளைபோல் அகன்று மடங்க இடமும் இருக்கவேண்டும். காலை நீட்டி இறுகக் கட்டினால் இடுப்பு மூட்டு நழுவக்கூடும். சுற்றிய குழந்தை மல்லாந்துதான் படுக்கவேண்டும். புரள முயல்கிறான் என்று தெரிந்த அன்றே சுற்றுவதை நிறுத்திவிடுங்கள். வெதுவெதுப்பான குளியல், வயிற்றில் கடிகாரம் சுற்றும் திசையில் உள்ளங்கையால் மெல்லத் தடவுவது, கால்களை மிதிவண்டி மிதிப்பதுபோல் அசைப்பது ஆகியவற்றுக்குப் பெரிய ஆதாரம் இல்லை, கெடுதலும் இல்லை. அழுகை தொடங்கும் முன் செய்தால் அவன் ரசிப்பான். வீறிட்டு அழும்போது செய்யாதீர்கள். வெந்நீர்ப் பையை மட்டும் வயிற்றில் வைக்கவே வேண்டாம், தோல் வெந்துபோகும்.

இத்தனையும் செய்து, அழுகை நிற்காத மாலைகளும் வரும். அந்த மாலைகளில் நீங்கள் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். கோலிக்கின் இயல்பே அதுதான், எதற்கும் கட்டுப்படாமல் வந்து, எதுவும் செய்யாமலே நிற்கும். உங்கள் வேலை அழுகையை நிறுத்துவது என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு இரவும் பாரமாகிவிடும். அவன் பத்திரமாக இருக்கிறான், தனியாக இல்லை என்பதைப் பார்த்துக்கொள்வதை வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். அது உங்களால் முடியும்.

இனிச் சொல்வதை, சகோதரி, கவனமாகக் கேளுங்கள். அழுகை உச்சத்தில் இருக்கும் இதே வாரங்களில்தான், குழந்தையைக் கோபத்தில் குலுக்கியதால் ஏற்படும் மூளைக் காயங்களும் அதிகம் வருகின்றன. அதைச் செய்கிறவர்கள் கொடியவர்களாக இருக்கவேண்டும் என்பதில்லை. நாள்கணக்கில் தூங்காத, அன்பான பெற்றோர்களும் அந்த ஒரு நொடியில் நிதானம் இழந்திருக்கிறார்கள். சில விநாடிக் குலுக்கல் போதும், மூளைக்குள் ரத்தம் கசியவும் பார்வை போகவும் உயிரே போகவும். ஆகவே, உங்களுக்கோ உங்கள் கணவருக்கோ பற்களைக் கடிக்கத் தோன்றும்போதே, கை இறுகுவது தெரியும்போதே, அவனை மல்லாந்த நிலையில் பாதுகாப்பான படுக்கையில் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். ஐந்து, பத்து நிமிடம் இருந்து, முகம் கழுவி, மூச்சு சீரானபின் போய்ப் பாருங்கள். பத்து நிமிட அழுகை ஒரு குழந்தையையும் கெடுக்காது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஆறு முதல் பதினொன்று வரை ஒருவரே தாங்கக்கூடிய நேரம் கிடையாது. பங்கு போடுங்கள். ஒன்பது மணிவரை கணவர், அதன்பின் நீங்கள் என்று வைத்துக்கொண்டால், அந்த மூன்று மணி நேரத்தில் நீங்கள் சாப்பிட்டு, அழுகை கேட்காத அறையில் கண்ணை மூடிப் படுக்கலாம். பாலுக்கு மட்டும் எழுப்பினால் போதும். சொட்டு மருந்து வாங்கி வந்த மனிதர் ஏதாவது செய்யவேண்டும் என்ற தவிப்பில்தான் வாங்கியிருக்கிறார். அவர் கையில் அந்த ஐந்து நிமிட நடையைக் கொடுங்கள். மாமியாருக்கு அனுபவம் இருக்கிறது, கை இருக்கிறது. மதியத் தூக்கத்துக்குத் தோள் கொடுக்க அவரைவிடத் தகுந்த ஆள் யார்?

அவனோடு சேர்ந்து அழுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். தூக்கமின்மையில் அழுகை வருவது இயல்பு. ஆனால் அவன் தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், எதிலும் விருப்பம் இல்லாமல் மனம் கனத்தே இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், மருத்துவரைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு குணப்படுத்தக்கூடிய நோய், தாய்ப்பாலை நிறுத்தாமலே சிகிச்சை எடுக்கலாம். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம், அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். அப்பாக்களுக்கும் இது வரும் என்பதையும் உங்கள் கணவர் தெரிந்துகொள்ளட்டும்.

கடைசியாக ஒரு சிறு வேலை. ஒரு வாரத்துக்கு மட்டும், அழுகை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பால் குடித்த நேரம், தூங்கிய நேரம், எந்த வழி பலித்தது என்பதை ஒரு தாளில் குறித்து வாருங்கள். இரவில் ஐந்து மணி நேரம்போலத் தோன்றியது தாளில் இரண்டரையாக இருக்கலாம், இடையில் அவன் தூங்கிய இருபது நிமிடங்கள் களைப்பில் நினைவில் நிற்பதில்லை. அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது அந்தத் தாளை எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டி, எடையையும் மறுபடி போட்டுப் பாருங்கள். நான்கு மாதம் கடந்தும் அழுகை குறையவில்லை என்றால், அல்லது நடுவில் எடை ஏறுவது நின்றால், கோலிக்தானே என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாமல், புதிதாக ஒருமுறை முழுமையாகப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அன்புடன்,
குழந்தைகள் நல மருத்துவர்